வடகரையில் தண்ணீர், தென்கரையில் ரேகை

மதுரையில் யாரிடமாவது 'கள்ளர் நாடு எந்தப் பக்கம்?' என்று கேட்டால் மேற்கே உசிலம்பட்டியைக் காட்டுவார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கை கிழக்கே, மேலூர்ப் பக்கம் நீண்டிருக்கும். கம்பெனிக்காரனுக்கு அந்தக் காலத்தில் கிலி பிடித்த ஊர்கள் எல்லாம் மேலூரைச் சுற்றித்தான் இருந்தன. 1755இல் கர்னல் ஹெரான் கோயில் சிலைகளை அள்ளிக்கொண்டு திரும்பியபோது நத்தம் கணவாயில் மறித்து அடித்தவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். 1760களில் கேப்டன் ரம்லி என்பவன் பட்டாளத்தோடு வந்து வெள்ளாளப்பட்டியைக் கொளுத்தினான். மாண்டவர்கள் சுமார் மூவாயிரம் பேர் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. அடித்த அடியில் சனங்கள் அவனுக்கு 'ரூமிலி சாமி' என்று பட்டம் கொடுத்துவிட்டார்களாம். நம்மூரில் பயத்துக்கும் பக்திக்கும் நடுவில் அதிக தூரம் கிடையாது.

நான் பிறந்தது அந்த மேலூர்ச் சீமையில். அம்பலக்காரர் வீடு. சம்பளம் வாங்கியது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கள்ளர் சீரமைப்புப் பள்ளியில், வரலாற்று வாத்தியாராக. இரண்டு பக்கமும் கள்ளர்தான். ஆனால் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அங்கே அம்பலம், இங்கே தேவர். அங்கே எங்கள் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும். இங்கே என் மாணவர்களின் சான்றிதழில் பிறமலைக் கள்ளர், சீர்மரபினர் என்று இருக்கும். சீர்மரபினர் பட்டியல் என்பது வேறொன்றுமில்லை, வெள்ளைக்காரன் 'குற்றப் பரம்பரை' என்று எழுதிவைத்த பட்டியலின் பேரப்பிள்ளை. ரூமிலி சாமி வந்து அடித்த மேலூர் அதில் இல்லை. அவன் எட்டிப் பார்க்காத உசிலம்பட்டி அதில் இருக்கிறது. கெட்ட பெயர் வைகையைத் தாண்டி மேற்கே போனது எப்படி என்பதுதான் என்னை நெடுங்காலம் அரித்த கேள்வி.

அதற்குக் காவலில் இருந்து தொடங்க வேண்டும். நாயக்கர் காலத்திலேயே ஊர்க்காவலும் திசைக்காவலும் ஒரு சொத்து. திருமலை நாயக்கர் பெயர் சொல்லும் செப்பேடுகளைப் பிறமலை நாட்டுக் குடும்பங்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மழை பெய்தால் வரகு, சோளம், குதிரைவாலி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட மானாவாரி நிலத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காவல்கூலி என்பது மழையை நம்பாத ஒரே வருமானம். தன் ஊரில் விளையாததைப் பக்கத்து நஞ்சை ஊரின் களத்தில் வாங்கிக்கொண்டான். நஞ்சைக்காரனும் கொடுத்தான், கொடுத்தால் களம் பத்திரம். கொடுக்காவிட்டால் யார் வந்து எடுப்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மதுரை நகரத்துக்குள்ளேயே வீட்டுக்காரர்கள் காவல்கூலி கட்டியது உண்டு.

அதன் மறுபக்கம் துப்புக்கூலி. 1906இல் மதுரை கெசட்டியரை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி இதை விவரமாகவே எழுதியிருக்கிறார். மாடு காணாமல் போனால் குடியானவன் போலீஸ் கச்சேரிக்குப் போகமாட்டான், காவல்காரனிடம் போவான். மாட்டின் விலையில் பாதி வரைக்கும் பேரம் நடக்கும். காவல்காரன் தேடப் போவதாகச் சொல்லிப் போவான், வருவான், கூலியை வாங்கிக்கொள்வான், இன்ன ஓடைக்கரையில் இன்ன மரத்தடியில் பார் என்பான். போய்ப் பார்த்தால் மாடு கட்டிக் கிடக்கும்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். உழவு மாடு களவு போவது ஆடி, ஆவணியில், விதைப்புக்கு முன்னால். அந்த நேரத்தில் கமலையும் ஏரும் நின்றால் அந்த வருடமே போச்சு. சந்தையில் புது மாடு வாங்கப் பணம் இருக்காது. வாங்கினாலும் பழக்க நாளாகும். போலீசில் எழுதிவைத்தால் கோர்ட்டு வாசலில் ஆறு மாதம். பாதி விலை கொடுத்து நாளைக்கே மாட்டை ஓட்டிவருவதுதான் இருப்பதில் மலிவு. மாட்டை எடுத்தவனுக்கும் அப்படித்தான். அதை அடிமாட்டு விலைக்குத் தூரத்தில் விற்று மாட்டிக்கொள்வதைவிடப் பாதி விலைக்குச் சொந்தக்காரனிடமே விடுவது லாபம். கச்சேரி தூரம், மழை பொய்ப்பு, மாட்டின் விலை, விதைப்புப் பருவம் என்ற நான்கும் சேர்ந்து நிர்ணயித்த கூலி அது. களவை நான் நியாயப்படுத்தவில்லை. மாட்டைப் பறிகொடுத்தவன் வீட்டு அழுகையும் அழுகைதான். ஆனால் இதை ரத்தத்தில் தேடிய துரைமார்கள் களத்துமேட்டில் தேடியிருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள்.

கம்பெனி முதலில் செய்தது, பாளையக்காரர்கள் வாங்கிவந்த காவல் வரும்படியைத் தன் கஜானாவில் சேர்த்துக்கொண்டது. 1816 சட்டப்படி காவல் பொறுப்பு ஊர் முன்சீப்புக்கும் தலையாரிக்கும் போனது. 1859இல் மாகாணப் போலீஸ் வந்தது. காகிதத்தில் காவல் உரிமை செத்தது. ஊரில் அது சாகவில்லை. உரிமையை எடுத்தவர்கள் அதற்கு ஈடாக ஒரு காணி நிலமோ ஒரு கிணறோ கொடுக்கவில்லை. காவலும் களவும் ஒரே தொழிலின் இரண்டு கைகளாக இருந்தன. சர்க்கார் ஒரு கையை வெட்டிவிட்டு இன்னொரு கை ஏன் நீளுகிறது என்று கேட்டது.

இதே கதைதான் குறவர்களுக்கும். கடற்கரை உப்பைக் கழுதையிலும் மாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றிப் பிழைத்தவர்கள் அவர்கள். 1856இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இருபது வருடத்தில் தூத்துக்குடி வரைக்கும் தண்டவாளம். உப்பு மூட்டை ரயில் ஏறிவிட்டது. உப்பு வரி 1888இல் மணங்குக்கு இரண்டரை ரூபாய். 1882 வனச்சட்டம் மூங்கிலையும் ஈச்ச ஓலையையும்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டது. உப்பும் போய், கூடை முடையக் காடும் போய் நின்றவனை 'வழிவழியாகத் திருடன்' என்று எழுதிக்கொண்டார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே இவ்வளவு போதும்.

தாது வருடப் பஞ்சம் (1876–78) வந்தபோது மாகாணம் முழுக்கச் சிறைகள் நிரம்பி வழிந்தன. கம்பு, சோளம் திருடியவர்கள்தான் அதிகம். எல்லாச் சாதியும் இருந்தது. 1918இல் அரிசி விலை ஏறியபோதும் அதுவே நடந்தது. சென்னை உட்படப் பல ஊர்களில் தானியக் கடைகளைச் சனங்கள் புகுந்து கொள்ளையடித்தார்கள். விலையேற்றமும் கொள்ளையும் சேர்ந்தே ஏறி இறங்கியதை டேவிட் அர்னால்ட் போன்ற வரலாற்று ஆசிரியர்கள் போலீஸ் அறிக்கைகளைக் கொண்டே காட்டியிருக்கிறார்கள்.

தாது வருடப் பஞ்சம் இன்னொன்றையும் செய்தது. நெடுநாளாகப் பேச்சாகவே கிடந்த பெரியாற்றுத் திட்டத்துக்கு உயிர் வந்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை. பொறியாளர் பென்னிகுயிக் அணையைக் கட்ட, 1895 அக்டோபரில் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் விழுந்தது. சுருளியாறு வழியாக வைகைக்கு வந்து, பேரணையில் திரும்பி, பெரியாறு பிரதானக் கால்வாயில் ஏறியது. அந்தக் கால்வாய் போனது வைகையின் வடகரையில். வாடிப்பட்டி, அலங்காநல்லூர், கள்ளந்திரி, கடைசியில் மேலூர்.

என் அப்பத்தா சொல்வார், 'தண்ணி வந்த பெறகுதேன் நம்ம வீட்டு ஆம்பளைக ராத்திரி வீட்ல தூங்குனாக'ன்னு. அது சாமான்யமான வாக்கியம் இல்லை என்று எனக்கு உறைக்க நாற்பது வயதாயிற்று. நெல் போட்டவனுக்கு ராத்திரி மடை காக்கிற வேலை இருக்கிறது, அடுத்தவன் களத்தைக் காக்க நேரமில்லை. களவு போக அவனிடமும் ஏதோ இருக்கிறது. மேலூருக்கு ஒருபோகம்தான், ஆனாலும் அந்த ஒரு போகம் போதுமானதாக இருந்தது. ஊர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒரு தலைமுறை பிடித்தது. 1910களில் சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தபோது, அதிகாரிகளின் விரல் மேலூரை விட்டு மேற்கே திரும்பியிருந்தது.

மேற்கே, வைகைக்குத் தெற்கே, அந்த இருபது வருடத்தில் நடந்தது நேர் எதிர். தண்ணீர் வரவில்லை. போதாக்குறைக்கு 1896இல் 'பண்டு' வந்தது. திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில் குடியானவர்கள் கூடி, ஊருக்கு ஊர் வசூல் செய்து ஒரு நிதி வைத்தார்கள். மாடு களவு போனால் அந்த நிதியில் இருந்து ஈடு. இனிமேல் காவல்காரனுக்குக் கூலி கிடையாது. நினைத்துப் பார்த்தால் அருமையான யோசனை, இன்றைய கால்நடைக் காப்பீடேதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. வீடுகள் எரிந்தன, காவல் குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. அந்தக் குடும்பங்கள் எங்கே போய் என்ன செய்து சாப்பிட வேண்டும் என்று பண்டும் யோசிக்கவில்லை, சர்க்காரும் யோசிக்கவில்லை.

1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, 1918க்குள் பிறமலைக் கள்ளர் அத்தனை பேர் மீதும் பாய்ந்தது. அந்தப் பக்கத்துச் சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பத்து விரல் ரேகையையும் கொடுக்க வேண்டும். ராத்திரி 11 மணியில் இருந்து விடியற்காலை 4 மணிவரை சாவடியிலோ கச்சேரியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு.

அந்தச் சீட்டு ஒன்றை என் மாணவன் ஒருவன் வீட்டில் பார்த்தேன். அவனுடைய பாட்டனாருடையது. தகரப் பெட்டியில் மஞ்சள் துணிக்குள் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். நான்காக மடித்த காகிதம், மடிப்பில் கிழிந்து பின்பக்கம் சோற்றுப் பசையில் காகிதம் ஒட்டியிருந்தது. பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம், எந்த ஊருக்கு, என்ன காரியம், எப்போது புறப்பாடு, எப்போது திரும்ப வேண்டும். கீழே முத்திரை. காரியம் என்ற இடத்தில் 'மகள் வீடு' என்று மட்டும் எழுதியிருந்தது. போன ஊரிலும் கச்சேரியில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கும் இடம் விட்டிருந்தார்கள். பையனின் அப்பத்தா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி, 'வாத்தியாரய்யா, கல்யாணத்தன்னிக்கு ராத்திரிகூட மாப்பிள்ளையைச் சாவடிக்கு அனுப்பிச்சுட்டுத்தேன் நாங்க படுத்தோம்' என்றார். இந்தக் கதையை அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்கலாம்.

மானக்கேட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தச் சீட்டின் பொருளாதாரம்தான் கண்ணில் பட்டது. வெயில் காலத்தில் வண்டிகள் மதுரைச் சந்தைக்கு நடுச்சாமத்தில்தான் புறப்படும். சாவடியில் படுப்பவன் வண்டி பூட்ட முடியாது. அறுப்புக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடுவதற்குள் சீட்டு வாங்க ஒரு நாள் போய்விடும். சீட்டுக்கு அடியில் தள்ள வேண்டியதும் இருக்கும். மாடு வாங்கினால் எங்கே வாங்கினாய் என்று கேள்வி. சட்டம் களவைத் தடுக்க வந்தது; உழைத்துப் பிழைக்க இருந்த இரண்டு மூன்று வழிகளையும் ராத்திரி 11 மணிக்கு அடைத்துவிட்டது. சாவடிக்கு ஒரு நாள் போகாவிட்டால் அதுவே குற்றம். குற்றக் கணக்கு ஏறும். ஏறிய கணக்கைக் காட்டி, பார்த்தீர்களா, இவர்கள் இப்படித்தான் என்பார்கள்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று ஊர் நின்றது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். மாயக்காள் குண்டடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். கைது செய்தவர்களை விலங்கு மாட்டித் திருமங்கலத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். அவர்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை அந்தச் சனங்கள் ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள்.

சுட்ட அதே வருடம் சீரமைப்பும் தொடங்கியது. பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், கிணறு வெட்டக் கடன். அந்தப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பிறகும் நடந்துவந்தன. அதில் ஒன்றில்தான் எனக்குச் சோறு கிடைத்தது, ஆகவே குறை சொல்ல நான் ஆள் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அந்தத் திட்டத்தில் போலீசுக்கு வேலை கொடுத்த பகுதியைவிட, கிணற்றுக்கும் கரும்பலகைக்கும் செலவழித்த பகுதிதான் காரியம் செய்தது. அதிகாரிகளே உள்ளுக்குள் அதை ஒத்துக்கொண்டதால்தான் பள்ளிக்கூடம் தொடர்ந்தது என்று நினைக்கிறேன். முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தமும் மற்றவர்களும் போராடி, 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. 1952 ஆகஸ்ட் 31இல் நாடு முழுக்க.

இத்தோடு முடித்தால் தண்ணீர் வந்தால் குற்றம் போய்விடும் என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும். என் சொந்தச் சீமையே என்னை மறுக்கும். மேலூருக்குத் தண்ணீர் வந்தது, நெல் வந்தது, நிலத்தின் விலை வந்தது, நிலம் இருப்பவன் சொல்லுக்கு மதிப்பு வந்தது. மாட்டுக் களவு நின்றது. 1997 ஜூன் 30இல் மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதுதான் காரணம். கண்மாய் மீனும் புளியமரமும் ஏலம் போகிற காசு யார் கையில் இருக்க வேண்டும், கையெழுத்து யாருடையது என்ற கேள்வி அது. பசித்தவன் செய்த குற்றம் இல்லை. நிலமும் நீரும் கையில் இருப்பவன், அது கைமாறுமோ என்று செய்த குற்றம்.

பிறகு கருங்கல். கீழவளவு, தெற்குத்தெருப் பக்கம் கிரானைட் வெட்டியதில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் ஆட்சியராக இருந்த உ. சகாயம் அறிக்கை அனுப்பினார். 2014இல் உயர் நீதிமன்றமே அவரை விசாரணை ஆணையராக நியமித்தது. கழிவுக் கற்களைக் கொட்டி மூடியதில் கண்மாயும் வாய்க்காலும் அடக்கம். என் அப்பத்தா சொன்ன அதே தண்ணீர் வந்த பாதைகள்தான். ஒரு மாடு களவு போனால் ஒரு சாதிக்கே ரேகை எடுத்த நாட்டில், மலை காணாமல் போனபோது யாரையும் ராத்திரி சாவடியில் படுக்கச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. வக்கீல் வைத்து வழக்காட அவர்களுக்கு உரிமை உண்டு. பெருங்காமநல்லூர்க்காரனுக்கு மட்டும் அது ஏன் இல்லாமல் போனது என்பதைத்தான் நான் வகுப்பில் கேட்பேன்.

இப்போது பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர்ப் பக்கத்து ஒருபோகப் பாசனத்துக்கு அரசாணைக் கணக்கு 85,563 ஏக்கர். திருமங்கலம் பிரதானக் கால்வாய்க்கு 19,439 ஏக்கர். வைகை அணை 1959இல் வந்த பிறகு தென்கரைக்குக் கிடைத்த பங்கு அது. உசிலம்பட்டிக் கண்மாய்களுக்கு என்று 58 கிராமக் கால்வாய் கேட்டு மூன்று தலைமுறை மனுக் கொடுத்திருக்கிறது. 2018இல் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விட்டார்கள். அணை ஏறக்குறைய நிரம்பினால்தான் அந்த மதகுக்கே எட்டும், ஆகவே மழை நல்ல வருடத்தில்தான் பேச்சே.

என்னிடம் படித்த ஒருவர் அங்கே பருத்தி போடுகிறார். போன வருடம் உசிலம்பட்டிச் சந்தையில் பார்த்தேன். 'சார், ஒங்க ஊருக்குத் தொண்ணூத்தஞ்சுல வந்துருச்சு, அதுவும் போன நூத்தாண்டுக்கு முந்துன நூத்தாண்டுல. எங்களுக்குச் சோதனைக்கு விட்டுருக்காக. சோதனையில பாசாயிட்டமா இல்லையான்னுதேன் இன்னும் சொல்லல' என்றார். பொதுப்பணித்துறைக்குக் கொடுக்க ஒரு மனுவைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தது, போட்டுக் கொடுத்தேன்.